சிபாரிசு நியமனமும் தகுதி நியமனமும்

ஒரு வேலைக்கோ பதவிக்கோ ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த வேலையைச் செய்யும் திறனைப் பார்க்காமல் உறவு, நட்பு, சாதி, ஊர், கட்சி, கைம்மாறு போன்ற தொடர்புகளைப் பார்த்து அமர்த்துவது சிபாரிசு நியமனம் எனப்படுகிறது. வேலைக்குத் தேவையான அறிவு, திறன், அனுபவம், நேர்மை ஆகியவற்றை எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோலால் அளந்து அமர்த்துவது தகுதி நியமனம் ஆகும். முதலாவது தவறு, இரண்டாவது சரி என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கருத்து. ஆனால், எது தகுதி, அதை யார் அளப்பது, எந்த இடத்தில் வைத்து அளப்பது என்ற கேள்விகளுக்கு எளிய விடை இல்லை. அரசுப் பணி நியமனத்தின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விகளைச் சுற்றியே நடந்திருக்கிறது.

வகைகள்

சிபாரிசு பல வடிவங்களில் நிகழ்கிறது. பதவியில் இருப்பவர் தம் மகனுக்கோ மருமகனுக்கோ இடம் தருவது உறவினர் சலுகை. நண்பர்களையும் கூட்டாளிகளையும் அமர்த்துவது நட்புச் சலுகை. தேர்தலில் உழைத்தவர்களுக்கு அரசு வேலை தருவது கட்சிச் சலுகை. பணம் வாங்கிக்கொண்டு வேலை தருவது சலுகை அல்ல, லஞ்சம். ஆனால் நடைமுறையில் இரண்டும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. தேர்ந்தெடுப்பவர் தம்மையே போன்ற பேச்சும் பழக்கமும் படிப்பும் உடையவரை அறியாமலே விரும்புவதும் ஒருவகைச் சலுகைதான். இதில் யாரும் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை, தொலைபேசியில் பேசுவதில்லை. ஆகவே இதைக் கண்டுபிடிப்பதே கடினம்.

உறவினர் சலுகையைக் குறிக்கும் மேலைநாட்டுச் சொற்கள் பலவும் மருமகன், பேரன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. போப்பாண்டவர்கள் சிலர் தம் சகோதரர், சகோதரியரின் மக்களைக் கர்தினால்களாக்கிச் செல்வமும் அதிகாரமும் வழங்கிய வழக்கமே இதற்குக் காரணம். 1692இல் பன்னிரண்டாம் இன்னசென்ட் என்ற போப்பாண்டவர் ஆணை ஒன்றின் மூலம் இதற்குத் தடை விதித்தார்.

சிபாரிசு ஏன் நீடிக்கிறது?

சிபாரிசை வெறும் ஒழுக்கக் கேடாக மட்டும் பார்த்தால் அது ஏன் எல்லாச் சமூகங்களிலும் நிலைத்திருக்கிறது என்பது விளங்காது. முன்பின் தெரியாத ஒருவரை வேலைக்கு எடுப்பவருக்கு இரண்டு அச்சங்கள் உண்டு: வந்தவருக்கு வேலை தெரியுமா, வந்தவர் நம்பத் தகுந்தவரா? சான்றிதழும் தேர்வும் இல்லாத காலத்தில் இந்த இரண்டு அச்சங்களுக்கும் உறவே ஜாமீனாக இருந்தது. தவறு செய்தால் குடும்பத்துக்குப் பழி வரும் என்ற எண்ணம் ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்று நம்பினார்கள்.

திருக்குறளின் பொருட்பாலில் இந்த இரு பக்கங்களும் பதிவாகியுள்ளன. ஆட்களை ஆராய்ந்து தெளிவதைப் பற்றிய 51ஆம் அதிகாரம், அன்பு காரணமாக அறிவில்லாதவரை நம்பிப் பொறுப்பில் அமர்த்துவது எல்லா மடமையையும் தரும் என்று எச்சரிக்கிறது. அதே அதிகாரத்தில், சுற்றம் அற்றவரை நம்ப வேண்டாம், அவர் பற்றில்லாதவர் ஆதலால் பழிக்கு நாணமாட்டார் என்ற கருத்தும் இருக்கிறது. அதற்கடுத்த 52ஆம் அதிகாரம் ஆராய்ந்து தேர்ந்தவரை எந்த வேலையில் எப்படி அமர்த்துவது என்று பேசுகிறது. 53ஆம் அதிகாரம் சுற்றத்தைப் பேணுவதன் சிறப்பைக் கூறுகிறது. உறவைக் காப்பது வேறு, உறவுக்காகப் பொறுப்பைக் கொடுப்பது வேறு என்ற வேறுபாட்டை இந்த அதிகாரங்களைச் சேர்த்துப் படிக்கும்போது உணரலாம்.

நகரத்தார் வணிகத்தில் உறவும் தகுதியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய இடங்களில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள், பெரும்பாலும் தம் சமூகத்துப் பிள்ளைகளையே ஏஜண்டுகளாக அனுப்பினார்கள். ஆனால் யாரும் நேரே ஏஜண்டாகிவிடவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்கும் கடிதமும் கற்று, அடுத்தாளாக உயர்ந்து, அதன்பின்பே பொறுப்புக்கு வர முடிந்தது. தவணை முடிந்து திரும்பியவரின் கணக்கு சரியாக இருந்தால்தான் மறு வாய்ப்புக் கிடைத்தது. வாசலைத் திறந்தது உறவு. உள்ளே நிலைக்க வைத்தது திறமை. வாசலுக்கு வெளியே இருந்தவருக்கு அந்தத் திறமையைக் காட்டும் வாய்ப்பே இல்லை என்பது இதன் மறுபக்கம்.

உத்தரமேரூர் விதிகள்

சலுகையைத் தடுக்க எழுதப்பட்ட பழைய விதிகளுள் புகழ்பெற்றவை, காஞ்சிபுரம் மாவட்டம் உத்தரமேரூரில் உள்ள கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் இவை பொறிக்கப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

921ஆம் ஆண்டு விதிகளின்படி, வேட்பாளர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் உள்ளவராகவும், வேதக் கல்வி உடையவராகவும் இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் நிற்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்லாமல், அவருடைய தாய்வழி, தந்தைவழி உறவினர்களும் விலக்கப்பட்டனர். எந்தெந்த உறவுமுறையினர் என்பதும் விரிவாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. தகுதியுள்ளோரின் பெயர்கள் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றும் விதித்தார்கள். விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்து வைத்திருக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் தெரிகிறது.

இந்த முறைக்குத் தெளிவான எல்லை உண்டு. இது ஒரு பிராமண ஊரின் சபை. நிலமில்லாதவர்களுக்கும் பிற சாதியினருக்கும் பெண்களுக்கும் இதில் இடமில்லை. குடத்துக்குள் ஓலை போன பிறகு சலுகைக்கு இடமில்லாமல் செய்தார்கள். ஆனால் யாருடைய ஓலை குடத்துக்குள் போகலாம் என்பது முன்பே முடிவாகியிருந்தது. பிற்காலப் போட்டித் தேர்வுகளிலும் இதே சிக்கல் தொடர்ந்தது.

சீனத் தேர்வு முறை

எழுத்துத் தேர்வின் மூலம் அரசு அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை மிக நீண்ட காலம் நடத்திய நாடு சீனா. சுய் அரசமரபின் காலத்தில் தொடங்கிய பேரரசுத் தேர்வு 1905இல்தான் கைவிடப்பட்டது. சோங் அரசமரபின் காலத்தில், விடைத்தாளில் எழுதியவரின் பெயரை மறைத்து ஒட்டினார்கள். கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணாமலிருக்க, எழுத்தர்களைக் கொண்டு விடைத்தாள் முழுவதையும் படியெடுத்து, அந்தப் படியையே திருத்துவோரிடம் கொடுத்தார்கள். எனினும் பல ஆண்டுகள் உட்கார்ந்து படிக்க வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் வெற்றி பெற்றார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நியமன உரிமை

இந்தியாவில் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர்பணிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிபாரிசாலேயே நிரப்பப்பட்டன. இலண்டனில் இருந்த 24 இயக்குநர்கள் ஒவ்வோர் ஆண்டும் தமக்குரிய பங்கின்படி இளைஞர்களை நியமித்தார்கள். உறவினர், நண்பர், அரசியல் வேண்டியவர் என அந்த இடங்கள் பகிரப்பட்டன. இயக்குநர் பதவியை விரும்பியவர்களுக்கு அதில் கிடைத்த ஊதியத்தைவிட இந்த நியமன உரிமையே பெரிய ஈர்ப்பாக இருந்தது. நியமனங்கள் பணத்துக்கு விற்கப்பட்டதை 1809இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது.

நியமனம் பெற்ற இளைஞர்களுக்குப் பயிற்சி தர 1806இல் தொடங்கப்பட்ட கல்லூரி பின்னர் ஹெய்லிபரியில் நிலைபெற்றது. இவ்வாறு சிபாரிசுக்குமேல் ஒரு பயிற்சி சேர்ந்ததே தவிர, சிபாரிசு நீங்கவில்லை. 1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம்தான் இயக்குநர்களின் இந்த உரிமையைப் பறித்தது. மெக்காலே தலைமையிலான குழு 1854இல் அளித்த அறிக்கையின்படி, 1855இல் இலண்டனில் முதல் திறந்த போட்டித் தேர்வு நடந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் பணிகளுக்கும் இத்தகைய தேர்வு வேண்டும் என்று நார்த்கோட்டும் டிரெவெலியனும் 1854இல் வெளியான அறிக்கையில் வலியுறுத்தினர். இவர்களுள் சார்லஸ் டிரெவெலியன் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர்.

இலண்டனில் மட்டும் நடந்த தேர்வு

சட்டப்படி இந்தத் தேர்வு இந்தியர்களுக்கும் திறந்திருந்தது. நடைமுறையில் அந்தக் கதவு கடல் கடந்து இருந்தது. இலண்டன் செல்லும் கப்பல் செலவு, அங்கே தங்கிப் படிக்கும் செலவு, கடல் கடந்தால் சாதியை விட்டு விலக்கும் வழக்கம் ஆகிய அனைத்தையும் தாண்டித்தான் தேர்வு மண்டபத்துக்குள் நுழைய முடியும். பாடங்களும் ஒருபக்கம் சாய்ந்திருந்தன. மெக்காலே குழுவின் திட்டத்தில் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் தலா 750 மதிப்பெண்கள். சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375 மட்டுமே. தேர்வெழுதிய இந்தியர்களுள் முதலில் வெற்றி பெற்றவர் சத்யேந்திரநாத் தாகூர். அது நடந்தது 1863இல்.

1870களின் பிற்பகுதியில் தேர்வெழுதும் உச்ச வயது 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டது. இந்தியாவில் பள்ளிப்படிப்பை முடித்து, அயல்மொழியில் தேர்ந்து, இங்கிலாந்து சென்று தேர்வெழுத 19 வயது என்பது ஏறத்தாழ இயலாத எல்லை. இதை எதிர்த்துச் சுரேந்திரநாத் பானர்ஜி நாடு முழுவதும் பயணம் செய்து கருத்துத் திரட்டினார். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஒரே நேரத்தில் தேர்வு நடத்த வேண்டும் என்பது 1885இல் கூடிய காங்கிரசின் முதல் மாநாட்டுக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. அந்தத் தேர்வு இந்திய மண்ணில் முதன்முதலாக 1922இல் அலகாபாத்தில்தான் நடந்தது.

இதற்கிடையே 1879இல் லிட்டன் பிரபு சட்டமுறைக் குடிமைப் பணி என்ற ஒன்றை உருவாக்கினார். நல்ல குடும்பமும் சமூகச் செல்வாக்கும் உடைய இந்தியர்கள் தேர்வின்றி நியமனத்தால் இதில் சேர்க்கப்பட்டனர். ஆங்கிலேயருக்குத் தேர்வு, இந்தியருக்குக் குடும்பப் பின்னணி என்ற இந்த ஏற்பாடு யாரையும் நிறைவு செய்யவில்லை. 1886இல் அமைந்த அய்ச்சிசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின் இது கைவிடப்பட்டது.

சென்னை மாகாணமும் வகுப்புவாரி உரிமையும்

திறந்த போட்டியின் விளைவு ஒரு சிறு பிரிவினருக்கே போய்ச் சேரும்போது என்ன செய்வது என்ற கேள்வி, சென்னை மாகாணத்தில் கூர்மையாக எழுந்தது. 1912ஆம் ஆண்டு நிலவரப்படி மாகாண மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்று விழுக்காடாக இருந்த பிராமணர்கள், டெபுடி கலெக்டர் பதவிகளில் பாதிக்கு மேலும், மாவட்ட முன்சீப் பதவிகளில் 70 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கல்விக்குள் இருந்தவர்களுக்கும் அப்போதுதான் பள்ளிக்குள் நுழைந்தவர்களுக்கும் ஒரே தேர்வு வைத்தால் முடிவு இப்படித்தான் இருக்கும் என்று பிராமணரல்லாதார் இயக்கத்தினர் வாதிட்டனர். அலுவலகத்தில் ஏற்கெனவே இருப்பவர்கள் கீழ்நிலை வேலைகளுக்குத் தம்மவரையே கொண்டு வருகிறார்கள் என்ற குறையும் உடன் இருந்தது.

நீதிக்கட்சி அரசு 1921இல் முதல் வகுப்புவாரி அரசாணையை வெளியிட்டது. சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த முத்தையா முதலியார் முயற்சியால் 1920களின் இறுதியில் அது திட்டவட்டமான சுழற்சி முறையாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு 12 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என இடங்கள் பகிரப்பட்டன. அதே காலகட்டத்தில், 1929இல், சென்னை மாகாணத்தில் பணியாளர் தேர்வாணையம் சட்டப்படி அமைக்கப்பட்டது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல் தேர்வாணையம். இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் இதன் தொடர்ச்சியே.

இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று அழைப்பவர்கள் உண்டு. ஆனால் சிபாரிசுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. இட ஒதுக்கீட்டின் விதி முன்கூட்டியே எழுதி வெளியிடப்படுகிறது. நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்படுகிறது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் போட்டியும் தரவரிசையும் உண்டு. சிபாரிசு மறைவில் நடக்கிறது. அதற்கு விதியும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. இந்திய அரசமைப்பின் 16ஆம் உறுப்பு பொது வேலைவாய்ப்பில் சமவாய்ப்பை உறுதி செய்வதோடு, போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கீடு செய்யவும் இடமளிக்கிறது.

அமெரிக்கா, இலங்கை

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தேர்தலில் வென்ற கட்சி அரசு வேலைகளைத் தன் ஆட்களுக்குப் பகிர்ந்தளித்தது. 1881இல் தமக்குப் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவர் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டார். சில வாரங்கள் போராடி அவர் இறந்தார். அந்த அதிர்ச்சியின் பின் 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. தொடக்கத்தில் கூட்டரசின் வேலைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே தேர்வின்கீழ் வந்தது; பின்னர் படிப்படியாக விரிந்தது.

இலங்கையில் சோல்பரி அரசியலமைப்பின்கீழ் சுதந்திரமான அரசாங்க சேவை ஆணைக்குழு இருந்தது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு நியமன அதிகாரத்தை அமைச்சரவையிடம் கொண்டு சேர்த்தது. நாடாளுமன்ற உறுப்பினரின் துண்டுச்சீட்டு இருந்தால்தான் வேலை என்ற நிலை பரவியது. 1980களின் இறுதியில் நடந்த இளைஞர் கிளர்ச்சிக்குப் பின் அமைக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழு, 1990இல் அளித்த அறிக்கையில், அரசியல்மயமாக்கலையும் அதிகார முறைகேட்டையும் இளைஞர் மனக்கசப்பின் முக்கியக் காரணங்களாகக் குறிப்பிட்டது. வேலை கிடைக்காத ஏமாற்றத்தைவிட, வேலை நியாயமாகப் பங்கிடப்படவில்லை என்ற எண்ணம் ஆழமான காயத்தை உண்டாக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இந்திய நீதிமன்றத் தீர்ப்புகள்

இந்திய உச்ச நீதிமன்றத்தின் சில தீர்ப்புகள் இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன.

1969இல் தீர்ப்பான கிராய்பாக் வழக்கு இந்திய வனப்பணிக்கான தேர்வைப் பற்றியது. சம்மு காசுமீரின் பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலர் தேர்வுக் குழுவின் உறுப்பினராக இருந்தார். அவரே வேட்பாளராகவும் இருந்தார். தம் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் அமரவில்லை. ஆனால் தம் போட்டியாளர்களின் பெயர்கள் பரிசீலிக்கப்பட்டபோது அமர்ந்திருந்தார். தேர்வு ரத்து செய்யப்பட்டது. குழுவின் மற்ற உறுப்பினர்கள் நேர்மையானவர்கள் என்பது மட்டும் போதாது. ஒருபக்கச் சாய்வுக்கு நியாயமான வாய்ப்பு இருந்தாலே நடைமுறை கெட்டுவிடுகிறது என்பது இதன் சாரம்.

1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில், அரியானா அரசுப் பணித் தேர்வில் நேர்முகத்துக்கு அளவுக்கு மீறிய மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டது தவறு என்று நீதிமன்றம் கூறியது. பொதுப் பிரிவினருக்கு 12.2 விழுக்காட்டுக்கு மேல் நேர்முக மதிப்பெண் இருக்கலாகாது என்று வழிகாட்டியது. உறவினர் வேட்பாளராக வரும்போது ஆணைய உறுப்பினர் அந்த நேர்முகத்திலிருந்து விலக வேண்டும் என்றும் கூறியது. 2006இல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வின்றித் தற்காலிகமாகச் சேர்த்துப் பின் நிரந்தரமாக்கும் பின்வாசல் நியமனங்களை நீதிமன்றம் கண்டித்தது. 2016 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு நேர்முகத் தேர்வே நீக்கப்பட்டது.

தனியார் துறை

தனியார் நிறுவனங்களுக்கு இத்தகைய அரசமைப்புக் கடமை இல்லை. தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பது அங்கே வெளிப்படையான நடைமுறை. நல்ல ஆளைக் கொண்டு வரும் ஊழியருக்குப் பரிசு தரும் நிறுவனங்களும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970களில் நடத்திய ஆய்வில், வேலை தேடுவோருக்கு நெருங்கிய நண்பர்களைவிட அவ்வப்போது சந்திக்கும் அறிமுகங்களே பயனுள்ள செய்தியைக் கொண்டு வருகிறார்கள் என்று கண்டார். வேலை இருக்கிறது என்று சொல்வதற்கும், வேலையை வாங்கித் தருவதற்கும் இடையே உள்ள கோடு இங்கே முக்கியமானது. முன்னதில் தகுதி பின்னர் சோதிக்கப்படுகிறது. பின்னதில் சோதனையே இல்லை.

தெரிந்தவர் வட்டம் சாதி, மத எல்லைகளுக்குள்ளேயே இருக்கும் சமூகத்தில், செய்தி பரவுவதும் அந்த எல்லைகளுக்குள்தான். சுக்தியோ தோரட், பால் அட்டெவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை வேறுவேறு பெயர்களில் அனுப்பிச் சோதித்தது. தலித், முஸ்லிம் பெயர்கள் கொண்ட விண்ணப்பங்களுக்கு, உயர்சாதிப் பெயர்கள் கொண்டவற்றைவிட அழைப்பு வரும் வாய்ப்புக் குறைவாக இருந்தது.

தகுதி பற்றிய விமர்சனங்கள்

பிரித்தானியச் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1958இல் எழுதிய அங்கத நூலின் மூலம் தகுதியாட்சி என்ற கருத்தும் அதற்கான ஆங்கிலச் சொல்லும் பரவலாயின. அவர் அதைப் புகழ்ச்சியாகப் பயன்படுத்தவில்லை. தேர்வில் வென்றவர்கள் தம் வெற்றி முழுவதும் தம்முடையதே என்று எண்ணவும், தோற்றவர்கள் தம்மையே நொந்துகொள்ளவும் வைக்கும் சமூகத்தைப் பற்றிய எச்சரிக்கை அது.

எழுத்துத் தேர்வு நினைவாற்றலையும் பயிற்சியையும் நன்றாக அளக்கிறது. நேர்மை, பொறுமை, பிறரோடு இணங்கி வேலை செய்யும் பண்பு ஆகியவற்றை அளப்பதில்லை. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவருக்கும், வேலைக்குப் போகாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் படிக்க முடிந்தவருக்கும் அது சாதகமாகவே அமைகிறது. இவை தேர்வைக் கைவிட வேண்டும் என்பதற்கான வாதங்கள் அல்ல. தேர்வை அடிக்கடி திருத்த வேண்டும் என்பதற்கான வாதங்கள்.

நடைமுறைப் பாதுகாப்புகள்

சலுகையைக் குறைக்கப் பல நாடுகளிலும் கையாளப்படும் வழிகள் ஏறத்தாழ ஒன்றே.

காலியிடத்தையும் அதற்கான தகுதிகளையும் விண்ணப்பம் பெறுவதற்கு முன்பே வெளியிடுதல். குறிப்பிட்ட ஒருவருக்குப் பொருந்தும்படி தகுதிகளை வரையறுக்கும் வழக்கத்தை இது ஓரளவு தடுக்கும்.

முதற்கட்டத்தில் பெயர், புகைப்படம், ஊர் ஆகியவற்றை மறைத்தல்.

எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் அப்போதே மதிப்பெண் இடுதல். இத்தகைய ஒழுங்கமைந்த நேர்முகம், மனம்போன போக்கில் பேசும் நேர்முகத்தைவிடப் பிற்காலப் பணித்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

வேலையின் ஒரு பகுதியைச் செய்யச் சொல்லிப் பார்த்தல். தட்டச்சருக்குத் தட்டச்சும், சமையற்காரருக்குச் சமையலும், ஆசிரியருக்கு ஒரு வகுப்பும் போல.

உறவினரோ வேண்டியவரோ வேட்பாளராக இருந்தால் அதை எழுத்தில் தெரிவித்து விலகுதல்.

மதிப்பெண்களை வெளியிடுதலும், தேர்வாகாதவருக்குக் காரணத்தைக் கேட்கும் உரிமை தருதலும்.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று முழுப் பயன் தருவதில்லை. மதிப்பெண்ணை வெளியிடும் அமைப்பிலும் வினாத்தாள் கசியலாம். பெயரை மறைக்கும் அமைப்பிலும் நேர்முகத்தில் முகம் தெரிந்துவிடும். கசிவையும் முறைகேட்டையும் வெளியே கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் தேர்வாகாத வேட்பாளர்களே. ஆகவே, தோற்றவர் கேள்வி கேட்கக்கூடிய முறையே நல்ல தேர்வு முறையின் முதல் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. பட்டியலில் தம் பெயர் இல்லாதவர், அதைப் பார்த்துவிட்டு அடுத்த முறைக்குப் படிக்கத் தொடங்கினால் அந்த முறையை அவர் நம்புகிறார். ஆள் தெரிந்தால்தான் ஆகும் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டால், அந்த இழப்பு அவருடையது மட்டுமல்ல. அவரைப் பெறாமற்போன அலுவலகத்துக்கும், அந்த அலுவலகத்தின் வாசலில் வந்து நிற்கும் மக்களுக்கும் உரியது.